ஆஸ்பத்திரிக்கும் ஒரு நூல் நிலையம் வேண்டும்!

கார்த்திகை மாதம். அடைமழை விட்டு நாலு நாள் ஆகிறது. காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். வயலில் களை எடுத்துவிட்டு வந்த ஒரு தாய்க்குக் காய்ச்சல். முதல் நாள் கஷாயம் குடித்தாள். மறுநாள் கடையில் வாங்கிய மாத்திரையை விழுங்கினாள். ஆறாம் நாள் இரவு மூச்சு வாங்குகிறது. புருஷன் பயந்துபோய் 108-க்குப் போன் செய்கிறான். வண்டி வருகிறது. பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள்.

அங்கே அன்று ராத்திரி ஒரே ஒரு டாக்டர். வயது இருபத்தாறு இருக்கும். படித்து முடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

இது நான் கற்பனை செய்த காட்சிதான். ஆனால் நம் ஊர்ப் பக்கத்தில் யாருக்கும் இது புதிய காட்சி அல்ல.

டாக்டர் பரிசோதிக்கிறார். இடுப்பு மடிப்பில், பீடி நெருப்பு சுட்டதுபோல் ஒரு சிறு கறுப்புப் புண். அவருக்குப் பொறி தட்டுகிறது. இது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ஸ்க்ரப் டைபஸ் என்று டாக்டர்கள் சொல்வார்கள். புல்லிலும் புதரிலும் இருக்கிற, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு பூச்சி கடிப்பதால் வருவது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண மருந்தில் குணமாகும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை எல்லாவற்றையும் தாக்கும்.

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. எதைக் கொடுப்பது? இதையா, அதையா? அல்லது இரண்டையுமா? இதுதான் அந்த இளம் டாக்டரின் முன் நிற்கும் கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர்களின் தலைமையில், இந்தியாவில் ஏழு மருத்துவ நிலையங்களில், நோய் முற்றிய 794 பேரிடம் ஆராய்ச்சி நடந்தது. இரண்டு மருந்தையும் சேர்த்து ஊசி வழியாகக் கொடுத்தவர்களுக்குச் சிக்கல்கள் குறைவாக இருந்தன என்று தெரிந்தது. 2023-ம் வருஷம் அந்த முடிவு வெளியாயிற்று.

(மருந்துகளின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் நாளைக் காலையில் மருந்துக் கடையில் போய்க் கேட்கிறவர்கள் நம்மில் உண்டு!)

எங்கே வெளியாயிற்று? அமெரிக்காவில் நடக்கும் ஒரு மருத்துவப் பத்திரிகையில். படுத்திருந்த நோயாளிகள் நம் நாட்டவர்கள். ஆராய்ந்தவர்கள் நம் டாக்டர்கள். ஆனால் வேலூரில் பிறந்த செய்தி காட்டுமன்னார்கோவிலுக்கு வர வேண்டுமானால், அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது. வந்து சேருமா? அதைத்தான் இன்று கேட்கப் போகிறேன்.

டாக்டருக்கு ஏன் புத்தகம்?

"டாக்டர் எல்லாம் படித்து முடித்தவர்தானே, இன்னும் என்ன படிப்பு?" என்று கேட்கலாம். என் அத்தையே கேட்டார். சில மாதங்களுக்கு முன் அவர் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே இருந்த இளம் டாக்டர், மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன் செல்போனை எடுத்து எதையோ பார்த்தாராம். அத்தைக்கு வந்ததே கோபம்! "மருந்து தெரியாத பிள்ளையை எல்லாம் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள்" என்று வீடு வரும் வரையில் புலம்பினார்.

அத்தை மேல் தப்பில்லை. நாடி பிடித்த கையோடு மருந்து சொல்லும் வைத்தியரைப் பார்த்தே வளர்ந்தவர்.

ஆனால் இன்றைய வைத்தியம் அப்படி இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன் நல்லது என்று கொடுத்த மருந்தை இன்று வேண்டாம் என்கிறார்கள். ஒரு மருந்தோடு இன்னொரு மருந்து சேராது என்று புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். கர்ப்பிணிக்கு இது ஆகாது, குழந்தைக்கு இந்த அளவு போதும் என்று மாற்றி எழுதுகிறார்கள். இவை எல்லாம் வாரா வாரம், மாதா மாதம் மருத்துவப் பத்திரிகைகளில் வருகின்றன. உலகத்தில் அப்படிப்பட்ட பத்திரிகைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எந்த டாக்டரும் அத்தனையையும் மண்டையில் ஏற்றிக்கொள்ள முடியாது. தேவைப்படும்போது எடுத்துப் பார்க்கத்தான் முடியும். பார்க்கிற டாக்டர்தான் நல்ல டாக்டர் என்பது என் அபிப்பிராயம்.

அப்படி எடுத்துப் பார்க்கிற இடத்துக்குப் பெயர்தான் மருத்துவ நூல் நிலையம்.

தபாலில் வந்த பதில்

இந்தக் குவியலில் வேண்டியதைத் தேடுவது எப்படி என்று முதலில் மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொண்டவர் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர். எந்த நோயைப் பற்றி எந்தப் பத்திரிகையில் யார் எழுதினார்கள் என்று ஒரு பட்டியல் போட ஆரம்பித்தார். அது 1879-ம் வருஷம். அந்தப் பட்டியலே தடித் தடிப் புத்தகங்களாக வளர்ந்தது. உலகமெங்கும் டாக்டர்கள் அதைப் புரட்டிப் புரட்டித்தான் தேடினார்கள். 2004-ல்தான் அதை அச்சடிப்பதை நிறுத்தினார்கள்.

1964-ல் அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அப்போதும் கேள்வியை எழுதி அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். நோயாளி அதற்குள் பிழைத்திருப்பார், அல்லது போயிருப்பார்! 1971-ல் டெலிபோன் கம்பி வழியாகவே தேடும் வசதி வந்தது. 1997 ஜூன் 26-ந் தேதி, இந்தப் பட்டியலை இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். அமெரிக்க உதவி ஜனாதிபதியாக இருந்த அல் கோர் முதல் தேடலைச் செய்து காட்டினார். அதன் பெயர் பப்மெட். இன்று அதில் மூன்றரைக் கோடிக்கு மேல் குறிப்புகள் இருக்கின்றன. சிதம்பரம் கீழவீதி டீக்கடையில் உட்கார்ந்துகூட அதைப் பார்க்கலாம்.

அப்படியானால் கவலை என்ன?

பப்மெட் பெரும்பாலும் கட்டுரையின் சுருக்கத்தைத்தான் காட்டும். முழுக் கட்டுரை வேண்டுமென்றால், இலவசமாகக் கிடைப்பவை சில. மற்றவற்றைப் பத்திரிகைக்காரர்கள் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு கட்டுரைக்கு 30, 40 டாலர் கேட்பவர்கள் உண்டு. நம் கணக்கில் ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். ஒரு விவசாயக் கூலித் தொழிலாளியின் பல நாள் சம்பளம். வருஷச் சந்தா கட்டுவதென்றால் லட்சக்கணக்கில் போகும்.

சிதம்பரத்தில் கதவு திறந்தது

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

அண்ணாமலை செட்டியார் 1929-ல் பல்கலைக் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து சிதம்பரம் புத்தகங்களின் ஊர். சர் சி.பி. ராமசாமி ஐயர் பெயரில் உள்ள அங்கத்திய நூலகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். 1985-ல் அங்கே ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்தது. 2013-ல் பல்கலைக் கழகம் மாநில அரசாங்கத்தின் கைக்கு வந்தது. கட்டணம் அதிகம் என்று மருத்துவ மாணவர்கள் நாள் கணக்கில் போராடினார்கள். 2021-ல் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது. இன்று அது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி. பெயரில் கடலூர்; இருப்பது சிதம்பரம். வெளியூர்க்காரர்கள் கடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கல்லூரியைத் தேடினால் 45 கிலோமீட்டர் தள்ளிப் போகச் சொல்ல வேண்டும்!

2024 நவம்பர் 25-ந் தேதி மத்திய மந்திரிசபை ஒரு முடிவு செய்தது. "ஒரே நாடு, ஒரே சந்தா" என்று பெயர். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகச் சந்தா கட்டித் திண்டாட வேண்டாம். நாட்டுக்கே சேர்த்து ஒரு சந்தா கட்டிவிடுவோம் என்பது யோசனை. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்கள். ஏறத்தாழ 13,000 பத்திரிகைகள். 2025 ஜனவரியில் தொடங்கியது. மத்திய, மாநில அரசாங்கக் கல்லூரிகள், பல்கலைக் கழகங்கள், மத்திய அரசாங்க ஆராய்ச்சி நிலையங்கள் ஆகியவற்றுக்கு இது உரியது.

நல்ல திட்டம். தயங்காமல் பாராட்டுகிறேன். டில்லியில் உள்ள மாணவன் படிக்கிற பத்திரிகையைச் சிதம்பரத்து மாணவனும் படிக்கலாம் என்றால் சந்தோஷம்தானே?

ஆனால் அந்த இளம் டாக்டர்?

திட்டத்தின் பெயர்ப் பட்டியலை மறுபடியும் பாருங்கள். கல்லூரி, பல்கலைக் கழகம், ஆராய்ச்சி நிலையம். கல்லூரியில் இருக்கும் வரையில் அந்தப் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ கதவு திறந்திருந்தது. பேராசிரியர் பக்கத்தில் இருந்தார். சந்தேகம் கேட்க நண்பர்கள் இருந்தார்கள். படித்து முடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக ராத்திரி டூட்டி பார்க்கும்போது கதவு சாத்திவிடுகிறது. தேவை இல்லாதபோது சாவி கையில். தேவைப்படும்போது சாவி இல்லை. இது என்ன நியாயம்?

கடலூர் தலைமை ஆஸ்பத்திரி, பண்ருட்டி, விருத்தாசலம், திட்டக்குடி, பரங்கிப்பேட்டை என்று எண்ணிக்கொண்டே போகலாம். இந்த மாவட்டத்தில் நோயாளிகளில் பெரும்பாலோர் முதலில் போவது அங்கேதான். முந்திரிக் காட்டில் பாம்பு கடித்தவனும், துறைமுகத்தில் கை நசுங்கியவனும், நெய்வேலிப் பக்கத்தில் இருமுகிறவனும் கல்லூரி வாசலைத் தேடி முதலில் ஓடுவதில்லை. 6,000 கோடி ரூபாய் எல்லாருடைய வரிப்பணம். தீப்பெட்டி வாங்குகிறவளும் வரி கட்டுகிறாள். அவளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கு அந்தப் பத்திரிகை ஏன் கிடைக்கக் கூடாது?

பின்னால் பொது நூலகங்கள் வழியாக எல்லா மக்களுக்கும் திறந்துவிடுவது என்ற நோக்கமும் திட்டத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் அதற்கு முன் நடுவில் ஒரு படி வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி ஒவ்வொன்றையும் அந்த மாவட்டத்து மருத்துவக் கல்லூரி நூலகத்தின் கிளையாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். புதிய கட்டடம் வேண்டாம். அலமாரி வேண்டாம். டாக்டருக்கும் நர்சுக்கும் ஆளுக்கு ஒரு கடவுச்சொல் போதும். "ஆட்களின் எண்ணிக்கை கூடினால் பதிப்பகத்தார் விலையைக் கூட்டுவார்களே" என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். வாஸ்தவம். பேரம் பேச வேண்டியதுதான். ஒரு நாடே வாடிக்கைக்காரராக வந்து நிற்கும்போது பேரம் பேசாமல் எப்போது பேசுவது?

யந்திரம் விட்டதும் சொன்னதும்

"எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. இனிமேல் நூல் நிலையம் எதற்கு? லைப்ரேரியன் எதற்கு?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு உண்மைச் சம்பவம்.

2001-ம் வருஷம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற உலகப் புகழ்பெற்ற மருத்துவ நிலையம். ஆஸ்துமாவைப் பற்றி ஒரு ஆராய்ச்சி நடந்தது. ஆரோக்கியமான 24 வயதுப் பெண் ஒருத்தி தானாக முன்வந்து அதில் கலந்துகொண்டாள். ஒரு ரசாயனத்தை மூச்சில் இழுக்கச் சொன்னார்கள். நுரையீரல் கெட்டு, ஒரு மாதத்துக்குள் இறந்து போனாள்.

ஆராய்ச்சி செய்த டாக்டர் முன்கூட்டியே தேடிப் பார்க்கவில்லையா? பார்த்தார். கம்ப்யூட்டரில் பார்த்தார். ஆனால் அப்போது கம்ப்யூட்டர் பட்டியல் 1960-களின் நடுவிலிருந்துதான் முறையாக ஆரம்பித்தது. அந்த ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும் என்பதற்கான எச்சரிக்கைகள் 1950-களின் பத்திரிகைகளில் அச்சாகிக் கிடந்தன. நூல் நிலைய அலமாரியில் தூசி படிந்து இருந்த அந்தத் தாள்களை யாரும் புரட்டவில்லை. பழைய பட்டியல் எங்கே முடிகிறது, புதிய பட்டியல் எங்கே தொடங்குகிறது என்பது நல்ல மருத்துவ லைப்ரேரியனுக்குத் தெரியும். அவரைக் கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பார் என்று அந்தத் தொழிலில் உள்ளவர்கள் இன்றும் வருத்தத்தோடு சொல்கிறார்கள்.

யந்திரம் விட்டுவிட்ட கதை அது. இப்போது யந்திரம் தானாகச் சேர்த்துக்கொள்ளும் கதையும் வந்துவிட்டது. செயற்கை அறிவு என்று ஒன்று. கேட்டதற்கெல்லாம் தமிழிலேயே பதில் சொல்கிறது. கெட்டிக்காரத்தனம்தான், நானே பார்த்து வாய் பிளந்தேன். ஆனால் "இதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டால், சில சமயம் யாருமே எழுதாத கட்டுரைக்குத் தலைப்பும், பத்திரிகைப் பெயரும், பக்க எண்ணும் கூசாமல் சொல்லிவிடுகிறது! பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்த கதை. கதைப் புத்தகத்தில் அப்படி நடந்தால் சிரிக்கலாம். மருந்தின் அளவில் நடந்தால்?

ஆகவேதான் சொல்கிறேன். யந்திரம் பெருகப் பெருக லைப்ரேரியன் அதிகமாகத் தேவைப்படுகிறார். சிதம்பரத்தில் இரவும் பகலும் டெலிபோன் பக்கத்தில் ஒரு மருத்துவ லைப்ரேரியன் உட்கார்ந்திருக்கட்டும். திட்டக்குடி டாக்டர் கேட்டால் பத்து நிமிஷத்தில் சரியான கட்டுரையை எடுத்து அனுப்பட்டும். ஆள் கிடைப்பார்களா என்ற சந்தேகமே வேண்டாம். அண்ணாமலைப் பல்கலைக் கழகமே நூலகப் படிப்பைத் தபால் மூலம் ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்தது. படித்தவர்கள் வேலை இல்லாமல் வேறு தொழில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சீர்காழிக்காரர்

நூலகத்தைப் பற்றிப் பேசும்போது சிதம்பரத்துக்குத் தெற்கே சீர்காழியை மறக்க முடியுமா? அங்கே 1892-ல் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக் கழக நூலகரானவர். 1931-ல் அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். படிக்க வருகிறவரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அதில் ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறும் நோயாளியின் பக்கத்தில் நிற்கிற டாக்டருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அதே 1931-ல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார்கள். மாடு பூட்டி நூலகத்தை நடத்திக் காட்டிய ஜில்லாவுக்குப் பக்கத்து ஜில்லா நாம். கடவுச்சொல் கொடுக்க முடியாதா?

ஒன்று சொல்ல வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு மின்சாரத்தை நம்பி ஏமாந்த அனுபவம் உண்டு. 2004-ல் சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015-ல் வெள்ளம். தானே அடித்தபோது கம்பம் எல்லாம் சாய்ந்து பல ஊர்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. வெள்ளம் வடிந்த பிறகுதான் எலிக்காய்ச்சலும் பேதியும் வரும். அப்போது பார்த்து மின் நூலகம் கண்ணை மூடிக்கொண்டால்? ஆகவே முக்கியமான சிகிச்சைக் குறிப்புகளை ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் கம்ப்யூட்டரிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். அச்சடித்த பிரதி ஒன்றும் அலமாரியில் இருக்கட்டும். "எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது" என்று பழைய புத்தகங்களை எடைக்குப் போடுகிற ஆசை எந்த நிர்வாகிக்கும் வர வேண்டாம். பால்டிமோரில் நடந்ததை மேலே சொல்லியிருக்கிறேன்.

நமக்கும் ஒரு மூலை

டாக்டருக்குச் சரி. நமக்கு? இன்று குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை வியாதி என்றால் வாட்ஸ்அப்பில் நூறு வைத்தியம் வருகிறது. எது நிஜம், எது பொய் என்று யார் சொல்வது?

அமெரிக்காவிலிருந்து சாமுவேல் கிரீன் என்ற டாக்டர் 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு, தமிழ் கற்று, மேல்நாட்டு வைத்தியப் புத்தகங்களைத் தமிழாக்கினார். தமிழிலேயே வைத்தியம் சொல்லிக்கொடுத்து டாக்டர்களை உண்டாக்கினார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரரால் முடிந்தது! இலங்கைத் தமிழர்கள் தங்கள் பழைய நூல்களை எல்லாம் 2005 முதல் "நூலகம்" என்ற பெயரில் கம்ப்யூட்டரில் சேர்த்து உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். கடலூர் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு மூலை, ஒரு கம்ப்யூட்டர், சிதம்பரம் கல்லூரி டாக்டர்கள் பார்த்துச் சரி என்று சொன்ன தமிழ்க் குறிப்புகள். கர்ப்பிணி என்ன சாப்பிடலாம், பாம்பு கடித்தால் முதலில் என்ன செய்யக் கூடாது, உண்ணிக் காய்ச்சலின் கறுப்புப் புண் எப்படி இருக்கும் என்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் புரிகிற தமிழில் இருக்க வேண்டும். களை எடுக்கிற தாய்க்கு அந்தப் புண்ணின் படம் முன்பே தெரிந்திருந்தால் ஆறு நாள் காத்திருக்க மாட்டாள்.

இதை எழுதி முடித்ததும் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். பால்டிமோர்ப் பெண்ணின் கதையைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் அந்தப் பிள்ளை செல்போனைப் பார்க்கட்டும். ஆனால் முதலில் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் பார்க்கட்டும்" என்றார்.